ஃபில்டருக்காக வெட்டிய குளம்

நீச்சல் குளம் கட்டிய பிறகு அதற்கு ஃபில்டர் வாங்குவதுதான் உலக வழக்கம். கையில் ஃபில்டர் இருந்த ஒரே காரணத்தினால் குளம் வெட்டியவர் சிட்லபாக்கத்து ஜீவரத்தினம் ஒருவராகத்தான் இருக்கக்கூடும்.

அவர் மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தலைமைக் கணக்கராக, அந்நாட்டு வழக்கில் சொன்னால் பெரிய கிராணியாராக, உத்தியோகம் பார்த்தவர். தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. துரையும் துரைசானியும் அவர்களுடைய விருந்தினரும் அதில் நீந்துவார்கள். அதைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு கிராணியாருடையது. குளத்தில் கால் நனைக்கும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது. அதை அவர் ஒரு குறையாகவும் கருதியதில்லை. ஏனெனில் அவருக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாதது ஒருபுறமிருக்க, முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே அவருக்கு மூச்சு முட்டும்.

தோட்டம் கைமாறித் துரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் பியானோவையும் சாப்பாட்டு மேசையையும் எடுத்தார்கள். ஜீவரத்தினம் ஃபில்டரை எடுத்தார். ஆளுயர இரும்பு உருளை, பக்கத்தில் பம்பு, உச்சியில் அழுத்தம் காட்டும் முள். குளத்துத் தண்ணீரைப் பம்பு இழுத்து, வழியில் ஒரு பித்தளைக் கூடையில் இலைகளையும் தவளைகளையும் நிறுத்திவிட்டு, உருளைக்குள் இருக்கும் மணலின்மேல் பாய்ச்சும். அழுக்கு மணலில் தங்கிவிட, தெளிந்த நீர் அடியில் இறங்கிக் குளத்துக்கே திரும்பும். அழுக்கு மிகுந்தால் முள் ஏறும். அப்போது வால்வைத் திருப்பித் தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டால், மணல் புரண்டு, அழுக்கெல்லாம் கழிவுக் குழாய் வழியே வெளியேறிவிடும். இவ்வளவையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் ஒப்பிப்பார். கப்பலில் வந்த அந்த உருளை, மாட்டு வண்டியில் சிட்லபாக்கம் சேர்ந்தபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

வீடு கட்டி, வற்றாத கிணறு தோண்டி, வீட்டின் பின்புறம் குளமும் வெட்டத் தொடங்கிய நாளில்தான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் அடுத்த வீட்டு கஸ்தூரிரங்கன். மத்திய சர்க்கார் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளாமல் விடமாட்டார்.

"அங்கே தினம் நீந்துவேளோ?" என்றார் அவர் மதிற்சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி.

"தினமும் காலையில் ஒரு மணி நேரம் குளத்தடியில்தான்" என்றார் ஜீவரத்தினம்.

அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் மாலைக்குள் அது தெருக்கோடி வரை போய், "மலாயாவில் வெள்ளைக்காரனோடு போட்டி போட்டு நீந்தியவர்" என்று திரும்பி வந்தது. மறுத்திருக்கலாம். குரோம்பேட்டை ரயிலடியில் பழக்கமில்லாதவர்கள்கூட அவரைப் பார்த்து ஒதுங்கி இடம் கொடுத்ததையும் அவர் கண்டார். மறுக்கவில்லை. பிறகு யாரேனும் கேட்டால், "மல்லாந்து நீந்துவதில்தான் சுகம்" என்று தாமாகவே ஒரு வாக்கியம் சேர்க்கும் அளவுக்கு வந்துவிட்டார். உண்மை தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான்: மனைவி தபீதாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

குளம் நிறைந்தது. நிறைந்த குளத்தில் அவர் இறங்கவில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே விடைதான்: "தண்ணீர் இன்னும் பதத்துக்கு வரவில்லை. ஃபில்டரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்."

சுத்தம் செய்துகொண்டேதான் இருந்தார். அரைக்கைச் சட்டையும் பழைய கால்சட்டையுமாகப் பொழுது விடிந்ததும் ஃபில்டர் அறைக்குப் போவார். பித்தளைக் கூடையைக் கழற்றி வேப்பிலைகளைத் தட்டுவார். முள்ளைப் பார்ப்பார். வால்வைத் திருப்பிக் கழிவுக் குழாயைத் திறப்பார். அந்தக் கழிவு நீர் மதிலின் ஓட்டை வழியாகக் கஸ்தூரிரங்கனின் வாழைகளுக்குப் பாய்ந்தது. அவை ஆளுயரக் குலைகளாகத் தள்ளின. தண்ணீரில் கலங்கலைத் திரட்டப் படிகாரம் கரைத்து விடவேண்டும். அதற்கோர் அளவு உண்டு. அந்த அளவு ஜீவரத்தினத்துக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் குளம் தெளிந்து அடித்தளம் மங்கலாகத் தெரியத் தொடங்கும் நாளில் அவர் கையிலிருந்து படிகாரம் ஒரு பிடி கூடுதலாக விழுந்துவிடும். மிகுந்த படிகாரம் மணலைக் கூழாக்கி, பிறகு கட்டியாக்கும். முள் மறுபடியும் ஏறும். குளம் மறுபடியும் பாசி நிறத்துக்குத் திரும்பும். இதை அவர் வேண்டுமென்று செய்தார் என்று சொல்வது அவருக்கு அநீதி. கைதான் செய்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வேலைக்கு வரும் கிளியம்மாள் ஒருத்திதான் நேருக்கு நேர் கேட்பாள்.

"இன்னா ஐயா, வூட்டுக்குள்ள ஏரிய வெச்சிகினு பக்கெட்ல மொண்டு குளிக்கிறியே. யாருக்காவ இத்தக் கட்டினே, தவளைக்கா?"

"பதத்துக்கு வரட்டும், கிளியம்மா."

"இன்னா பதம்? சோறா வடிக்கிறே?"

இப்படியே இரண்டு ஆண்டுகள் சென்றன. மழை பொய்த்த ஒரு கோடையில் சிட்லபாக்கத்து ஏரி அடிமண் தெரிய வறண்டது. ஏரி வற்றியதால் மீன்காரர்களுக்கும் வண்ணார்களுக்கும் கஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பாஸ்டர் எலியேசருக்கும் கஷ்டம் வந்தது. அஸ்தினாபுரத்தில் ஓர் ஓலைக் கொட்டகையில் சபை நடத்தும் முதியவர் அவர். அவருடைய சபையில் விசுவாசத்துக்கு வந்தவரைத் தண்ணீருக்குள் முழுவதுமாக அமிழ்த்தி எடுப்பதுதான் ஞானஸ்நானம். முப்பது வருஷமாக அந்த ஏரியில்தான் அமிழ்த்தி வந்தார். இப்போது ஏரியில் கணுக்கால் நனையவும் நீரில்லை.

ஜீவரத்தினத்தின் சபை வேறு. தாம்பரத்துப் பெரிய கோயிலில் அவர் கமிட்டி உறுப்பினர். ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர். அவர் எழுந்து வாசிக்கத் தொடங்கினால் தொட்டில் பிள்ளைகளும் அழுகையை நிறுத்தும் என்று சொல்வார்கள். வாரம் முழுவதும் அவர் ஃபில்டர் அறையில் அந்தப் பாடத்தைப் பம்புச் சத்தத்துக்கு மேலாக உரக்கச் சொல்லிப் பழகுவார். அச்சபையில் ஞானஸ்நானம் கைக்குழந்தைக்கு, நெற்றியில் தெளிக்கும் சில துளிகளோடு முடிந்துவிடும். அவ்வாறு பெற்றவர் வளர்ந்தபின் இன்னோரிடத்தில் மூழ்கி எழுந்தால், பெரிய கோயிலில் அவருக்கு நற்கருணைப் பந்தியும் இல்லை, பதவியும் இல்லை. பெரிய கோயிலிலிருந்து பலர் அவ்விதம் எலியேசரிடம் போயிருந்தார்கள். அவர்களைக் குறித்து ஜீவரத்தினம் பேசிய பேச்சுகள் சில கமிட்டியில் இன்னும் மேற்கோளாக வழங்கி வந்தன.

ஆதலால் எலியேசர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தபீதாளே திகைத்தாள்.

"ஒரு சாயங்காலம் மட்டும் உங்க குளத்தைக் குடுத்து உதவணும், சகோதரரே. நாலைஞ்சு பேர் காத்திருக்காங்க" என்றார் பாஸ்டர்.

"கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் தண்ணீர் பதத்துக்கு வரவில்லை. ஃபில்டரில் மணல் கட்டி பிடித்துவிட்டது. எல்லா மணலையும் வெளியே எடுத்துக் கழுவினாலொழிய…"

"அவ்வளவுதானே. சபையே வந்து கழுவித் தரோம்."

ஜீவரத்தினம் யோசித்தார். இறங்கப் போகிறவர்கள் அவர்கள். கரையில் நிற்கப் போகிறவர் தாம். பஞ்சத்தில் தண்ணீர் கொடுப்பதைக் கமிட்டி குற்றமாக எழுதாது. சரியென்றார்.

சனிக்கிழமை காலையில் சபையார் கூடையும் குடமுமாக வந்து இறங்கினார்கள். உருளையின் மூடியைக் கழற்றி, பாறையாக இறுகிக் கிடந்த மணலை ஆண்கள் கடப்பாரையால் பெயர்த்தார்கள். பெண்கள் வரிசையாக அமர்ந்து, அலுமினியத் தட்டுகளில் மணலைப் போட்டு, அரிசி களைவதுபோல் களைந்து, கழுநீரைச் சாய்த்து, கல்லையும் கட்டியையும் பொறுக்கி எறிந்து, பாட்டுப் பாடிக்கொண்டே மூட்டை மூட்டையாகச் சுத்தப்படுத்தினார்கள். ஜீவரத்தினம் இடையில் புகுந்து, சரளை எது அடியில், பருமணல் எது அதன்மேல், நுண்மணல் எது உச்சியில் என்று அதிகாரம் செய்தார். மலாயாவுக்குப் பிறகு இத்தனை பேரை ஏவி வேலை வாங்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. உற்சாக மிகுதியில், ஃபில்டர் சுத்தமானால் தம் சாக்கும் அதோடு போய்விடும் என்பதை அவர் மறந்துபோனார்.

"ரெண்டு வருஷ அழுக்கு ஒரே நாள்லே போயிடுத்தே" என்றார் மதிலுக்கு மேலிருந்து கஸ்தூரிரங்கன். "இனிமே என் வாழைக்கு என்ன கதி?"

பம்பு இரவெல்லாம் ஓடியது. ஞாயிறு விடிந்ததும் ஜீவரத்தினம் குளத்தருகே போய் நின்றார். தண்ணீர் இருக்குமிடமே தெரியவில்லை. சிமெண்டுத் தளம் கால்மாட்டில் தொடங்கிச் சரிந்து சரிந்து, எதிர்க்கோடியில் இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கிப் போவது காலை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. தாம் எத்தகைய பள்ளத்தை வெட்டி வைத்திருக்கிறோம் என்பதை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

"இப்ப எல்லாரும் கேப்பாங்களே, என்னங்க செய்யப் போறீங்க?" என்றாள் பின்னால் வந்த தபீதாள்.

"நான் ஃபில்டர் பக்கத்தில் நிற்பேன். முள்ளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமல்லவா."

கோயிலுக்குப் போய்ப் பாடம் வாசித்துவிட்டு வந்து, சாப்பிட்டு, அதே வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக மாலையில் அவர் வால்வின்மேல் கைவைத்து நின்றார். கரையெங்கும் கூட்டம். அமிழப் போகிறவர்களும் அவர்கள் வழக்கப்படி வெள்ளையுடுத்தி, இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எலியேசர் இடுப்பளவு நீரில் நின்றார். முதலில் ஞானஜோதி என்னும் ஆசிரியை இறங்கினாள். பாஸ்டர் ஒரு கையால் பிடரியைத் தாங்கி, மறுகையை மடித்த கைகளின்மேல் வைத்து, நாமத்தைச் சொல்லிப் பின்புறமாகச் சாய்த்து அமிழ்த்தி எடுத்தார். கரையில் அல்லேலூயா எழுந்தது. அடுத்தவள் ஜெயசீலியும் அப்படியே.

மூன்றாவதாக வில்பிரட். கூட்ஸ் ரயிலில் கார்டு, ரயிலுக்கேற்ற சரீரம். அவர் முதல் படியில் கால்வைத்ததுமே தண்ணீர் கரையேறித் தளும்பியது. பாஸ்டரோ குச்சிபோல் மெலிந்தவர். வழக்கமாகக் கைகொடுக்கும் சகோதரர் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். எலியேசர் வில்பிரட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஃபில்டர் அறைப் பக்கம் திரும்பினார்.

"சகோதரர் ஜீவரத்தினம், நீங்க தண்ணியிலே பழகினவர். ஒரு கை குடுங்க."

கூட்டம் முழுவதும் திரும்பியது.

"அவங்களுக்கு நேத்திலேருந்து ஜலதோஷம், பாஸ்டர்" என்றாள் தபீதாள்.

"ஒரு நிமிஷ வேலைதான், அம்மா. மலாயாவிலே நீந்தினவருக்கு இது முழங்கால் தண்ணி."

"எறங்கு ஐயா" என்றாள் கிளியம்மாள் கூட்டத்திலிருந்து. "அதான் பதத்துக்கு வந்துட்சே."

சிரிப்பு எழுந்தது. மதிலுக்கு மேலே கஸ்தூரிரங்கனின் கண்ணாடி பளபளத்தது. ஜீவரத்தினம் வால்விலிருந்து கையை எடுத்தார். வில்பிரட் ஒதுங்கி வழிவிட, அவர் படிக்கட்டில் இறங்கினார். முழங்கால் நனைந்தது. தொடை நனைந்தது. நீர் இடுப்பைத் தொட்டதும் மூச்சு நின்றது. குளிரில் நடுங்குகிறவனுக்கு நேர்வதுபோல் அவருடைய கைகள் தாமாகவே எழுந்து மார்பின்மேல் குறுக்காகப் பதிந்துகொண்டன. கால்களுக்குக் கீழே தளம் பளிச்செனத் தெரிந்தது. அது சரிந்துகொண்டே போவதும் தெரிந்தது. தலை சுழன்றது. கால் வழுக்கியது. கட்டிய கைகளோடு அவர் மல்லாந்து சாய்ந்தார்.

எலியேசர் கண்டது இதுதான்: வெள்ளை உடை தரித்த ஒருவர், கைகளை மார்பின்மேல் மடித்துக்கொண்டு, தம்மை நோக்கி வந்து, தாமாகவே பின்புறம் சாய்கிறார். முப்பது வருஷப் பழக்கம் யோசிக்க இடம் கொடுக்கவில்லை. ஒரு கை பிடரிக்குப் போயிற்று. மறு கை மடித்த கைகளின்மேல் விழுந்தது. "சகோதரன் ஜீவரத்தினத்துக்குப் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று கணீரென்று சொல்லி, அவரை நன்றாகவே அமிழ்த்தினார்.

நீருக்கடியில் ஜீவரத்தினம் கண்ணைத் திறந்தார். மேலே வில்பிரட்டின் கால்விரல் நகங்கள்வரை தெளிவாகத் தெரிந்தன. அந்த ஃபில்டர் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறதென்பதை உள்ளிருந்து காணும் வாய்ப்பு அவருக்கு அப்போதுதான் கிட்டியது.

தூக்கி நிறுத்தப்பட்டு, இருமி, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டிருந்தபோது கரையில் பாட்டு உச்சத்தில் இருந்தது. பாஸ்டரின் கண்களில் நீர்.

"ஒரு வார்த்தை முன்னாலே சொல்லியிருக்கலாமே, சகோதரரே. கையைக் கட்டிக்கிட்டு நீங்க இறங்கினதைப் பார்த்ததும் எனக்கு வேற எதுவும் கேக்கத் தோணலை."

"நான்…" என்றார் ஜீவரத்தினம். மறுபடியும் இருமல் வந்தது.

"மெதுவா. சாட்சியை அப்புறம் சொல்லலாம்."

மதிலுக்கு மேலிருந்து குரல் வந்தது. "என்ன சார், நீங்களும் முழுக்குப் போட்டுட்டேளா? சொல்லவே இல்லையே."

மறுநாள் மாலை பெரிய கோயிலின் குருவானவர் லாசரஸ் வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, கூடத்து நாற்காலியில் அமர்ந்து, தபீதாள் கொடுத்த காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். கண்டிக்க வந்தவராகத் தோன்றவில்லை.

"ஊரெல்லாம் என்னென்னவோ பேசிக்கிறாங்க, ஜீவரத்தினம். நான் நம்பலை. உங்களை எனக்குத் தெரியாதா? கால் சறுக்கியிருக்கும். அவர் அவசரத்திலே ஜெபத்தைச் சொல்லிட்டார். சறுக்கினதுக்கெல்லாம் சபை ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியுமா? சறுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கமிட்டியிலே நான் முடிச்சிடறேன்."

ஜீவரத்தினத்துக்கு நேற்றிலிருந்து அடைத்திருந்த காது அப்போதுதான் திறந்தாற்போலிருந்தது. "ஐயா…" என்று தொடங்கினார்.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார் குருவானவர். "கமிட்டியிலே நாலு பேர் கேள்வி கேப்பாங்க. தினமும் ஒரு மணி நேரம் நீந்தினவர், இடுப்பளவுத் தண்ணியிலே எப்படிச் சறுக்குவார், அதுவும் எதுக்குக் கையைக் கட்டிக்கிட்டு இறங்கினார்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. அதுக்கு நீங்க ஒரு பதில் வெச்சிருக்கணும். தண்ணியைக் கண்டா பயப்படற ஆளாயிருந்தா கேள்வியே வராது. நீங்க அப்படி இல்லையே."

கதவோரத்தில் நின்ற தபீதாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பதில் மிகச் சிறியது. அதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பாடம் அவருடையது, கமிட்டி அவருடையது, தகப்பனார் உபதேசியாராயிருந்து அடக்கமாகியிருக்கும் சபை அவருடையது. ஜீவரத்தினம் வாயைத் திறந்தார். திறந்த கணத்தில் அந்தப் பதில் கமிட்டி அறையிலிருந்து வெளியேறி எங்கெங்கே செல்லும் என்பதையும் கண்டார். கஸ்தூரிரங்கன் மதிலைத் தாண்டியே வந்துவிடுவார். கிளியம்மாள் குழாயடியில் சொன்னால் பல்லாவரம்வரை கேட்கும். ரயிலடியில் ஒதுங்கி இடம் கொடுத்தவர்கள் இனி எதைப் பார்த்து ஒதுங்குவார்கள்? நீச்சல் தெரியாதவன் ஊருக்குத் தெரியக் குளம் வெட்டினான் என்று பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்வார்கள்.

"சறுக்கலை, ஐயா" என்றார் அவர்.

"பின்னே?"

"இறங்கினேன்."

லாசரஸ் காப்பியைக் கீழே வைத்தார். "குழந்தையிலே உங்களுக்குக் குடுத்த ஞானஸ்நானம் போதாதுன்னு தோணிச்சா?"

"போதும்னுதான் நேற்றுவரை இருந்தேன்."

குருவானவர் எழுந்து, "மனச்சாட்சின்னு வந்துட்டா நான் குறுக்கே நிக்கக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமைப் பாடத்துக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை ஜீவரத்தினம் வாசலில் நின்றார்.

உள்ளே வந்தபோது தபீதாள் மிச்சக் காப்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீச்சல் தெரியாதுன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, பொறந்த சபையை விட்டுட்டீங்க."

"விட்டேன் என்று யார் சொன்னது? அவர்கள் விட்டார்கள்."

"நான் அந்தக் கொட்டகைக்கெல்லாம் வரமாட்டேன். நான் நம்ம கோயிலுக்குத்தான் போவேன்."

"போ. நான் தடுக்கவில்லையே."

"அங்கே பெஞ்சு கிடையாது, தெரியுமா? மூணு மணி நேரம் தரையிலே உட்காரணும். பாடம் வாசிக்கவும் கூப்பிட மாட்டாங்க, பாஸ்டரே வாசிச்சுடுவார்."

அவர் தம் முழங்கால்களைத் தடவிக்கொண்டார்.

"உட்கார்ந்தால் போகிறது" என்றார்.

தபீதாள் எழுந்து உள்ளறைக்குப் போய், நாலாக மடித்துப் போட்டு உட்காரத் தக்கதாய்ப் பழைய ஜமுக்காளம் ஏதாவது இருக்கிறதாவென்று பெட்டியைத் திறந்து தேடலானாள்.